சத்தம் நின்றால் முதல் கியர்

போன மாதம் நான் சாக்கடையில் விழுந்தேன். யாரும் தள்ளவில்லை, நானேதான் குதித்தேன். குன்னூரில் காலை நேரம், பால் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். எதிரே நிற்பவன் மனிதனா மின்கம்பமா என்று தெரியாத மூடுபனி. பின்னாலிருந்து 'டிக் டிக் டிக்' என்று ஒரு சைக்கிள் சத்தம் வந்தது. என் வயதுக்கு ஓரமாக ஒதுங்கி நின்றிருந்தால் போதும். நான் "மாமா!" என்று கத்திக்கொண்டு, தூக்குப்போசியோடு சாக்கடைக்குள் இறங்கிவிட்டேன். சைக்கிளில் வந்தவன் தலைக்கவசம் போட்ட ஒரு பையன். மேலே நின்று எட்டிப் பார்த்து, "தாத்தா, நான் உங்க மாமா இல்லீங்க" என்றான், மிகுந்த மரியாதையோடு.

அது எனக்கும் தெரியும். என் மாமா செத்து அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களே, உங்களிடம் சொல்வதற்கென்ன. அறிவுக்குத் தெரிந்ததெல்லாம் காலுக்குத் தெரிவதில்லை.

அந்தச் சத்தம் எங்கள் வீட்டுக்கு வந்த கதை இது.

சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எஸ்டேட்டுகளில் வெள்ளைக்காரத் துரைகள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் எஸ்டேட் துரையும் கிளம்பினார். பங்களாச் சாமான்களைப் புல்தரையில் பரப்பி விற்றார்கள். ஃபேக்டரியில் கிளார்க்காக இருந்த என் அப்பா ஒரு மேஜை விளக்கு வாங்கினார். அது கடைசிவரை எரியவில்லை. டீ லாரி ஓட்டிய என் மாமா, அதாவது அப்பாவின் தங்கையைக் கட்டியவர், துரைசானியின் சைக்கிளை வாங்கினார். தன் பெண்சாதிக்கு.

எஸ்டேட்டே சிரித்தது. பொம்பளைக்குச் சைக்கிளா, அதுவும் இந்த மலையிலா என்று.

கரும்பச்சை நிறம். நடுவில் கம்பி இல்லாத, பெண்கள் ஏறும் சட்டம். செயினை முழுதாக மூடும் தகரக் கூடு. உட்கார்ந்தால் பெருமூச்சு விடும் தோல் சீட்டு. பின்சக்கரத்தின் நடுவில் பருத்த ஒரு உருளை, அதற்குள் மூன்று கியர். ஹேண்டில்பாரில் விரல் நீளத்துக்கு ஒரு லிவர், அதைத் தள்ளினால் உள்ளே ஏதோ மாறும். என்ன மாறும் என்று பார்க்க நான் உருளையில் காதை வைத்துக் கேட்டேன். காது முழுக்கக் கிரீஸ். அதைப் பள்ளிக்கூடம்வரை கொண்டுபோனேன்.

மாமா அத்தைக்கு ஃபேக்டரி முற்றத்தில் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். சீட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே ஓடுவார். அத்தை திரும்பிப் பார்க்கப் பயந்து கத்துவாள்.

"புடிச்சிருக்கீங்களா?"

"புடிச்சிருக்கேன், புடிச்சிருக்கேன். நீ முன்னால பாரு!"

அப்படிச் சொல்லும்போது அவர் முற்றத்தின் மறுகோடியில் நின்று பீடி பற்ற வைத்துக்கொண்டிருப்பார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

அடுத்த ஆனி மாதம் மாமாவின் லாரி தைலமர வளைவில் பள்ளத்துக்குப் போய்விட்டது. மூடுபனி, ஈர ரோடு. மாமாவை எடுத்து அப்படியே கீழே அவர் சொந்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். லாரியிலிருந்த டீப்பெட்டிகள் பாறையில் மோதி உடைந்து தூளெல்லாம் பள்ளத்தில் கொட்டிக் கிடந்தது. அதை யாரும் அள்ளவில்லை. மழை பெய்யும்போதெல்லாம் பள்ளத்திலிருந்து டீ மணம் எழும்பி வரும், யாரோ கீழே உட்கார்ந்து அடுப்பு மூட்டியிருப்பதுபோல. ஓடையும் கொஞ்சநாள் செம்பழுப்பாக ஓடியது. "பள்ளத்துல டீ ஓடுதும்மா" என்று நான் வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அம்மா அறைந்த அறையில் என் பால்பல் ஒன்று விழுந்தது. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்தான். ஆனாலும் நான் அதை வைத்து வெகுநாள் அனுதாபம் சம்பாதித்தேன்.

காரியம் முடிந்ததும் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். கூடவே சைக்கிளும். அத்தையின் மாமியார், 'என் மருமக எங்க ஊட்டோடதான் இருக்கோணும்' என்று கீழே இருந்து சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். அத்தைக்கு மலையை விட்டு இறங்க இஷ்டமில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. குளிர் பழகிவிட்டது என்று அம்மா சொன்னாள், எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அப்பா எப்படியோ புதிதாக வந்த துரையைப் பிடித்து, மேல் டிவிஷன் பிள்ளைமடுவத்தில் அத்தைக்கு வேலை வாங்கினார். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. வேலை இருக்கும்வரை அத்தை மலையில் இருக்கலாம். வேலை போனால் கீழே இறங்கத்தான் வேண்டும். மாமியாரும் இதற்குச் சம்மதித்திருந்தார், அரைமனதாக.

ஆனால் அத்தை தினமும் நேரம் கழித்தே போய்ச் சேர்ந்தாள். எங்கள் வீடு கீழ் டிவிஷனில், பிள்ளைமடுவம் மலைக்கு மேலே. நடுவில்தான் அந்தத் தைலமர வளைவு. மேலே பூட்டிய கதவுக்கு முன்னால் தாய்மார்கள் பிள்ளைகளோடு வரிசையில் நிற்க, கங்காணி தொண்டை கிழியக் கத்துவார். துரை அப்பாவைக் கூப்பிட்டு, இன்னும் ஒரு மாதம் பார்ப்பேன் என்றார்.

அப்பா எதையும் கணக்குப்போட்டுத் தீர்க்கிறவர். அன்று சாயங்காலம் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, சக்கரம் எத்தனை சுற்று வருகிறது என்று பார்த்தார்.

"அம்முணி, தப்பு உம்மேல இல்ல. சைக்கிள் மேல. இது சமதரை ஊருக்குச் செஞ்சது. ஒரு மிதிக்கு ரொம்பத் தூரம் போகுது, அதான் ஏத்தத்துல கால் நிக்குது. அந்த வளைவுல எறங்கித் தள்ளிக்கிட்டுத்தானே போற?"

"எறங்குறேங்ணா" என்றாள் அத்தை.

"பின்னாடி பெரிய பல்சக்கரமாப் போட்டுட்டா மிதி லேசாயிரும். கொஞ்சங்கொஞ்சமாத்தான் நகரும், ஆனா நிக்காம ஏறும். நீ அந்த எடத்துல எறங்கவே வேண்டாம்."

'அந்த எடத்துல' என்று சொல்லும்போது அப்பாவின் குரல் இறங்கியது. அவருக்கு அதுதான் முக்கியம். தங்கை தினமும் அந்த வளைவில் இறங்கி, புருஷன் செத்த பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே சைக்கிளைத் தள்ள வேண்டியிருக்கிறதே என்று அவருக்குத் தாங்கவில்லை. அத்தை உள்ளே போனாள்.

குன்னூர் பஜாரில் ஒரு சைக்கிள் கடைக்காரர். பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இது சைக்கிள் இல்லீங்க கிளார்க்கய்யா, கெடியாரம்" என்றார். கெடியாரமோ என்னவோ, உருளையைத் திறக்கத் தேவையே இல்லாமல் திறந்து, சின்ன இரும்புக் குண்டு ஒன்றைத் தொலைத்து, கடை முழுக்க என்னைத் தவழவிட்டுத் தேடவைத்தார். நம் ஊர்ப் பல்சக்கரம் அந்த இங்கிலீஷ் உருளையில் உட்காரவில்லை. கடைசியில் ஒரு பெரிய பல்சக்கரத்தின் நடுவைக் குடைந்தெடுத்து, பழைய சின்னச் சக்கரத்தின் மேலேயே வைத்துப் பற்றவைத்தார். செயினுக்கு இரண்டு கண்ணி கூட்டினார். பெரிய சக்கரம் தகரக் கூட்டுக்குள் அடங்கவில்லை. கூட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த மழைக்காலம் முழுக்க அது எனக்குப் படகு, துப்பாக்கி, யானைத் தந்தம். எங்கே போனதென்று இன்று தெரியவில்லை.

சரிபார்க்கக் கடைக்காரரும் கூடவே எங்கள் வீட்டுக்கு வந்தார். முதலில் அப்பாவே ஓட்டிப் பார்த்தார். வீட்டு வாசலிலிருந்து கம்பீரமாகக் கிளம்பி, லிவரைத் தள்ளினார். பெடல் வெறுமனே சுற்றியது. சைக்கிள் நின்றது, அப்பா மட்டும் தேயிலைச் செடிக்குள் போனார். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். சக்கரத்தை மாற்றியதில் கியர் கேபிள் தளர்ந்துவிட்டதாம்.

"ரெண்டாங் கியருக்கும் மூணாங் கியருக்கும் நடுவுல ஒரு சந்து இருக்குதுங்க. அதுல சிக்குனா பல்லு எதையும் புடிக்காது. அது ஆருக்கும் சொந்தமில்லாத எடமுங்க."

வாசற்படியில் நின்றிருந்த அத்தை அப்போதுதான் வாய் திறந்தாள். "அங்க மிதிச்சா வண்டி போகவே போகாதுங்களா?"

"போகாதுங்க அம்மணி. கால் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும்."

அத்தை அந்தப் பெடலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் கேபிளை இறுக்கிச் சரிசெய்தார்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம். அந்த உருளைக்கு ஒரு குணம் உண்டு. முதல் கியரில் மிதித்தால் ஓசையே இராது. நடு கியரிலும் மேல் கியரிலும் மிதிக்கும்போது உள்ளே 'டிக் டிக்' என்று தட்டும். முன்பெல்லாம் அத்தை ஏற்றம் முழுவதும் முதல் கியரில் திணறியபடி சத்தமில்லாமல் போவாள். இப்போது பல்சக்கரம் பெரிதானதால் நடு கியரிலேயே ஏறினாள். காலையில் மூடுபனிக்குள் ஆளும் தெரியாது, சைக்கிளும் தெரியாது. மலையில் ஒரு டிக் டிக் மட்டும் மேலே மேலே போகும். பிள்ளைமடுவத்தில் காத்திருக்கும் தாய்மார்கள் அதைக் கேட்டு "டீச்சரம்மா வருது" என்று குழந்தைகளுக்குச் சொல்வார்களாம்.

அத்தை நேரத்துக்குப் போனாள். துரைக்குத் திருப்தி. அப்பாவுக்குத்தான் திருப்தியில்லை. அவர் கணக்குப்படி அத்தை பத்து நிமிஷமாவது முன்னால் போய்ச் சேர வேண்டும். ஆனால் வேலைச் சங்கு ஊதும் நேரத்துக்குத்தான் போனாள், ஒரு நாளும் அதற்கு முன்னால் இல்லை. "அந்தப் பத்து நிமிஷம் எங்க போச்சு?" என்று கஞ்சி குடிக்கும்போதும் கேட்பார். கேபிளை இறுக்குவார். செயினுக்கு எண்ணெய் விடுவார். பத்து நிமிஷம் திரும்பி வரவில்லை.

அப்போதுதான் பேச்சு கிளம்பியது. கொழுந்து லாரிக்காரர் ஒருவர், வளைவில் ஆளில்லாமல் அந்தப் பச்சைச் சைக்கிள் தைலமரத்தில் சாய்ந்து நின்றதைப் பனிக்குள் பார்த்ததாகச் சொன்னார். சொன்னவுடன் காய்ச்சலிலும் படுத்தார். அம்மா அடுப்படியில் மெதுவாகச் சொன்னாள்.

"சீட்டைப் புடிச்சுக்கிட்டே பின்னால ஓடுவாரே, அவரு இன்னும் விடல. அந்த எடம் வந்ததும் புடிச்சு நிறுத்தறாரு."

அதைக் கேட்ட இரவிலிருந்து நான் தனியாக ஒன்றுக்குப் போகவில்லை. நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோமே, அந்த விளையாட்டு இப்போது வேறு மாதிரி தெரிந்தது. 'புடிச்சிருக்கேன், புடிச்சிருக்கேன்' என்று குரல் கிட்டத்தில் கேட்கும், ஆள் எங்கோ தூரத்தில் இருப்பார்.

ஆனால் மாமாவுக்கு என்னைப் பிடிக்கும். அவரிடம் நேரில் பேசிப் பார்க்கலாம் என்று ஒரு காலையில் கடலைமிட்டாயோடு வளைவுக்குப் போனேன். மிட்டாயை மரத்தடியில் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளித் தேயிலைக்குள் உட்கார்ந்தேன். பள்ளத்திலிருந்து ஈர டீத்தூள் மணம் வந்தது. கீழே டிக் டிக் கேட்டது, நெருங்கியது, மரத்துக்கு நேரே வந்ததும் நின்றது. பிறகு ஒன்றுமில்லை. இலையிலிருந்து சொட்டுவதுதான் கேட்டது. நான் எழுந்து ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு அங்கேயே தங்கிவிட்டது. நான் அதைத் தேடவில்லை, அதுவும் என்னைத் தேடி வரவில்லை.

"அப்பா, சத்தம் நின்னுபோச்சுங்கப்பா! மாமா நிறுத்திட்டாரு!"

"சத்தம் நின்னா முதல் கியர்டா, முட்டாளே. ஏத்தம் செங்குத்தா வர்ற எடத்துல முதல் கியருக்கு மாத்துவா. அதுல சத்தம் வராது. சயின்ஸ்!"

அந்த சயின்ஸ் எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது.

பேச்சு சந்தைக் காய்கறி வண்டியேறிக் கீழே இறங்கிவிட்டது. ஐப்பசி மாதத்தில் அத்தையின் மாமியார் வந்து நின்றார். ஒடிசலான, இரும்புக்கம்பி மாதிரியான மனுஷி. குளிருக்குப் போர்வை கொடுத்தால் வாங்கவில்லை. அத்தை பிள்ளைமடுவத்திலிருந்து திரும்பும் முன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"என்ற பையன் போயும் இவளை விடமாட்டீங்கிறான். கூட்டிக்கிட்டுப் போயி கோயில்ல வச்சு ஓட்டோணும். அப்புறம் என்ற ஊட்டுலயே இருக்கட்டும். இனி மலையேற வேண்டாம்."

"ஏனுங்கம்மா, பேயெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க" என்றார் அப்பா. "ஏத்தத்துல எறங்குனதைப் பாத்துட்டு என்னமோ சொல்றாங்க. இப்ப கியரை எறக்கியாச்சு. அவ எறங்கறதே இல்ல. நாளைக்குக் காலைல நீங்களே வந்து பாருங்க. அவ அந்த வளைவைத் தாண்டி எறங்காம ஏறி வந்துட்டாள்னா, இங்கயே இருக்கட்டும்."

"எறங்குனாள்னா?"

அப்பா தன் பல்சக்கரத்தை நினைத்துக்கொண்டார். "எறங்குனாள்னா உங்க கூடவே அனுப்பி வைக்கிறேன்."

இதை அத்தையிடம் யாரும் சொல்லக் கூடாது என்பது ஏற்பாடு. எனக்குச் சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. அத்தை தட்டில் சோறு போட்டபோது வாயைத் திறந்தேன். அப்பா பார்த்த பார்வையில், "உப்பு" என்று கேட்டு முடித்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் அத்தைக்கு முன்னால் கிளம்பி, வளைவு முடிந்து ரோடு நிமிரும் இடத்தில் நின்றோம். அப்பா, மாமியார், நான். கை நீட்டினால் விரல் தெரியாத பனி. மாமியார் அந்த இடத்துக்கு வருவது அதுதான் முதல் தடவை. எது பள்ளம் என்று கேட்டார். அப்பா வெள்ளையாகக் கிடந்த ஒரு திசையைக் கை காட்டினார். மாமியார் அந்தப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

டிக் டிக் டிக்.

"வர்றா" என்றார் அப்பா. சத்தம் கீழே ஒரு திருப்பத்தில் மங்கி, மறுபடி தெளிந்தது. ஒரே சீராக, அவசரமில்லாமல் வந்தது. அப்பா பெருமையோடு மாமியாரைப் பார்த்தார். "கேட்டீங்களா? நடு கியருங்க!"

சத்தம் நின்றது.

"முதல் கியர் போட்டுட்டா" என்றார் அப்பா கிசுகிசுப்பாக. "இப்ப சத்தம் வராதுங்க. இதா, வந்துருவா பாருங்க."

பார்த்தோம். பனி அசையவில்லை. முதல் கியரில் எவ்வளவு மெதுவாக வந்தாலும் வந்துவிடும் நேரம் ஆனது. அதற்கப்புறமும் ஆனது. தைலமரம் சொட்டியது. பள்ளத்திலிருந்து அந்த மணம் மெல்ல மேலேறி வந்தது. ஈரமான, காய்ச்சி வைத்து யாரும் குடிக்காத டீயின் மணம். "முதல் கியர்" என்று அப்பா மறுபடி சொன்னார். இந்தத் தடவை யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. நான் அவர் வேட்டியைப் பிடித்திருந்தேன். உள்ளே அவர் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. கால் என்னுடையதாகவும் இருக்கலாம்.

மாமியார்தான் நகர்ந்தார். கீழ்நோக்கி நடந்தார், பனி அவரை மூடிக்கொண்டது. அப்பா போகவில்லை. சயின்ஸ் தெரிந்தவர் என்பதால் போகவில்லை என்று அப்போது நினைத்தேன்.

வெகுநேரம் கழித்து ஒரு காற்று வந்து பனியைக் கொஞ்சம் விலக்கியது. மரத்தில் சைக்கிள் சாய்ந்திருந்தது. ரோட்டோரத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பள்ளத்தைப் பார்த்தபடி இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அத்தையும் மாமியாரும். பேசவில்லை. அழுதமாதிரியும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்பவர்கள்போல, கொஞ்சம் இடைவெளி விட்டு, சும்மா நின்றார்கள். பனி திரும்பவும் மூடிக்கொண்டது.

பிறகு டிக் டிக் கிளம்பியது. அத்தை எங்களைத் தாண்டிப் போனாள். சீட்டைவிட்டு எழாமல், மூச்சு வாங்காமல், சின்னச் சின்ன மிதியாக மிதித்துக்கொண்டு அந்தச் செங்குத்தில் ஏறிப் போனாள். ஓரத்தில் நின்ற எங்களைப் பார்த்தாளா என்று தெரியாது. மேலே சங்கு ஊதியது.

மாமியார் நடந்து வந்தார். முந்தானை ஈரமாக இருந்தது, பனியாக இருக்கலாம்.

"அவ இங்கயே இருக்கட்டும் தம்பி" என்றார். "நான் மத்தியானப் பஸ்ஸுக்குப் போறேன்."

"ஏனுங்கம்மா, எறங்கிட்டாளேங்க..."

"இருக்கட்டும்னேன்."

அவரைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது அப்பா என்னிடம் வெற்றிக்குரலில் சொன்னார்: "பாத்தியா? அந்தம்மா பேய்க்குப் பயந்துருச்சு. கூட்டிக்கிட்டுப் போனா கூடவே அதுவும் வந்துருமோன்னு விட்டுட்டுப் போகுது." அப்பா கடைசிவரை இதைத்தான் நம்பினார். பத்து நிமிஷத்தையும் கடைசிவரை தேடினார். மலையையே கணக்கில் அடக்கியவருக்கு அது மட்டும் அகப்படவில்லை.

அன்று சாயங்காலம் அவர் மறுபடி சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பற்களை எண்ணிக்கொண்டிருந்தார். இன்னும் நாலு பல் கூட்டினால் தீர்ந்துவிடும் என்றார். அத்தை கிணற்றடியில் சேலை ஓரத்துச் செயின் கறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நல்ல செய்தியை முதலில் சொல்லி நல்லபேர் வாங்குவதற்காக நான் ஓடினேன்.

"அத்தை, அப்பா இன்னும் பெரிய பல்சக்கரம் போடறாருங்களாம். அப்புறம் நீங்க அந்த வளைவுல எறங்காமயே ஏறிரலாம்!"

அத்தை தலை நிமிரவில்லை.

"ஏற முடியாமயாடா எறங்குனேன்?"